சுரிகுழலும் சமுதாயமும்

குச்சவெளியிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே செல்வோருக்குத் திரியாய்க் குன்று தென்படும். அதன் உச்சியில் உள்ள பழைய தாதுகோபத்தில், தபஸ்ஸு, பல்லிகர் என்னும் இரு வணிகர் புத்தபெருமானிடம் பெற்றுக் கடல்வழியே கொண்டுவந்த கேசதாது வைக்கப்பட்டுள்ளது என்பது பௌத்த மரபு. குன்றின் பாறையொன்றில் வடமொழியிற் பொறித்த கல்வெட்டும் அவ்விரு வணிகரின் பெயரைச் சுட்டுகின்றது. மரபு எவ்வளவு தூரம் வரலாறாகும் என்ற ஆராய்ச்சியை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். ஒரு பிடி தலைமயிரைக் காப்பதற்குக் கல்லாற் கோபுரம் எழுப்பியதாகக் கதை சொல்லும் கரை இது என்பதே நாம் ஈண்டுக் கருதுவது. புத்தர் சிலைகளை உற்று நோக்குவோர் இன்னொன்றையுங் காண்பர். சிற்பி அத்தலையில் வடித்திருப்பது நேர்மயிரை அன்று. நத்தையோடு போல வலஞ்சுழிந்த சின்னஞ்சிறு சுருள்களை. தெற்கே கோணேசர் மலையிலோ சடைமுடியோன் வணங்கப்படுகின்றான்.

இந்தக் கரையோரத்துப் பாடசாலையொன்றில், சில ஆண்டுகளுக்கு முன், காலைக் கூட்டத்தில் மாணவியரின் வரிசையைப் பார்வையிடும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நகம், சப்பாத்து, கழுத்துப்பட்டி, தலை என்பன வரிசைப்படி பார்க்கப்படும். தலை என்றால், எண்ணெய் வைத்துப் படிய வாரி, நடுவகிடெடுத்து, இறுகப் பின்னிய இரட்டைப் பின்னல். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தியின் தலைமயிர் இதற்கு இணங்கவில்லை. இறுகச் சுருண்டது அது. எவ்வளவு எண்ணெய் பூசினும் நெற்றியோரத்தில் எழுந்து நிற்பது. மூன்று நாட்கள் தொடர்ந்து அவளை வரிசைக்கு வெளியே நிறுத்தினோம். "நாளைக்கெண்டாலும் படிய வாரிக்கொண்டு வா, பிள்ளை" என்றோம். அதன்பின் ஒரு வாரம் அவள் வரவில்லை. வந்தபோது தலைமயிர் ஈர்க்குப் போல் நேராக நின்றது. நெற்றியோரத்திலும் காதின் பின்னும் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது. பட்டினத்துக் கடையில் வாங்கிய நேராக்கும் களிம்பு செய்த வேலை. பெட்டியில் அச்சிட்டிருந்த ஆங்கில அறிவுறுத்தலை வாசிக்க வீட்டில் எவரும் இல்லை. நன்றாகப் பிடிக்கட்டும் என்று குறித்த நேரத்தைவிட மிகுதியாக வைத்திருந்தனர். "இப்ப சரியா, ரீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. விடை தேடப் புகுந்தபோது கண்டவற்றையே வாசகர் முன் வைக்கின்றோம்.

ஆபிரிக்க மக்கள் இலங்கைக் கரைகளுக்கு வந்த வரலாறு நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுவது. 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரின் கடல்வழி மொசாம்பிக்கையும் கோவாவையும் இணைத்தது. அவ்வழியிற் கறுவாவும் மிளகும் போன்றே மனிதரும் பண்டமாயினர். 1624இல், இடித்த கோயிலின் கற்களைக் கொண்டு திருகோணமலையிற் கோட்டை எழுப்பிய அவ்வரசின் கீழ், அடிமைகளாகவும் படைவீரராகவும் ஆபிரிக்கர் இங்கு இருந்தனர். பின்வந்த ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டை வேலைகளில் அவர்களைப் பயன்படுத்தினர். கொழும்பில் இன்று கொம்பனித்தெரு எனப்படும் பகுதிக்கு ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்ற பொருள்படப் பெயர் வைத்தது, ஒல்லாந்தர் தம் அடிமைகளை இராக்காலத்தில் அந்த ஏரிசூழ் நிலத்தில் அடைத்து வைத்ததனாலேயே. ஆங்கிலேயரும் சளைத்தவரல்லர். 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த், கண்டியரசுக்கெதிரான படைக்கு ஆபிரிக்கரைக் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் விலைக்கு வாங்குவித்தார். 1833ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பெருமையுடன் படிக்கின்றோம். அச்சட்டம் இலங்கையை விலக்கி வைத்ததைப் படிப்பதில்லை. இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே.

படையணிகள் கலைக்கப்பட்டபோது வீரர் திரும்பிச் செல்ல நாடு இருக்கவில்லை. புத்தளத்திற் பலர் குடியமர்ந்தனர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் சிரம்பியடியில் வாழ்கின்றனர். திருகோணமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்பு ஆகிய இடங்களிலும் சிறு தொகையினர் தங்கினர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழி அவர்களிடையே நெடுங்காலம் வழங்கியது. பின்னர் சுற்றியிருந்தோரின் தமிழும் சிங்களமும் வீட்டுமொழியாயின. சிரம்பியடியார் பாடும் மாஞ்ஞாப் பாட்டுக்களில் மாத்திரம் பழைய மொழி இன்னும் கேட்கின்றது. இலங்கையின் கலியாண வீடுகளில் இளைஞர் ஆடும் பைலாவின் தாளத்தில் ஆபிரிக்கர் பங்கு உண்டு என்பதை ஆடுவோர் எத்தனை பேர் அறிவர்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் ஆபிரிக்கர் வந்தனர். 1942 முதல் 1944 வரை, திருகோணமலைத் துறைமுகத்தை யப்பானியர் தாக்கிய காலத்தை ஒட்டி, கிழக்காபிரிக்கப் படைப்பிரிவுகள் இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்தன. மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெதீவ் இஸ்மாயில் என்ற கப்பல் 1944 பெப்ரவரி 12ஆம் நாள் மாலைதீவுக்கருகே மூழ்கடிக்கப்பட்டபோது மாண்ட 1,297 பேருட் பெரும்பாலானோர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். தமக்குத் தொடர்பற்ற ஒரு பேரரசின் போருக்காக நம் கடலில் மடிந்தவர்கள் அவர்கள்.

அம்மாணவியின் முன்னோர் இவர்களுள் எவரோ என்று வாசகர் முடிவு கட்டிவிட வேண்டாம். சுருட்டை மயிருக்கு ஆபிரிக்க முன்னோர் கட்டாயமன்று. தமிழரிலும் முஸ்லிம்களிலும் சிங்களவரிலும் அது எங்கும் உண்டு. எந்த வீட்டின் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று இக்கரையில் எவர் கணக்கு வைத்தார்? ஆயினும் அவளை வகுப்பில் அழைத்த பட்டப்பெயர் 'காப்பிரி' என்பதே. இறைவனை ஏற்காதவன் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லொன்று, அரபு வணிகர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வாய்க்குச் சென்று, ஆபிரிக்கர் அனைவர்க்கும் பெயராகி, தென்னாபிரிக்காவில் மிகக் கொடிய வசையாக முடிந்தது. இலங்கையில் அந்தச் சமூகத்தார் அதனைத் தம் பெயராகவே ஏற்று வழங்குகின்றனர். அது அவர்கள் உரிமை. நம் பிள்ளைகள் அச்சொல்லை எடுப்பது பெயராகவன்று, தலைமயிரைச் சுட்டும் ஏச்சாக.

தலைமயிர் இழிவின் குறியானது எவ்வாறு? மேற்காபிரிக்கச் சமூகங்கள் பலவற்றிற் பின்னலின் வகையே ஒருவரின் குலம், வயது, மணநிலை, பதவி ஆகியவற்றை அறிவித்தது. பின்னுவது மணிக்கணக்கான வேலை; தாயும் மகளும் அயலாரும் கூடியிருந்து செய்யும் வேலை. அத்திலாந்திக் கடலைக் கடந்த அடிமைக் கப்பல்களிற் பிடிபட்டோரின் தலை மழிக்கப்பட்டது. சுகாதாரம் என்பது காரணம். விளைவோ, மனிதனின் ஊரையும் பேரையும் தலையிலிருந்து வழித்தெறிந்ததாயிற்று. தோட்டங்களில் மயிர் மீண்டும் வளர்ந்தது. ஆனால் பழைய சீப்பும் எண்ணெயும் அங்கில்லை. ஞாயிறொன்றே ஓய்வு நாளாகையால் கிழமை முழுவதும் துணியாற் சுற்றி மறைத்த தலையை அன்றைக்கே அவிழ்த்தனர். பன்றிக் கொழுப்பையும் மண்ணெண்ணெயையும் பூசினர். ஆட்டு மயிரைக் கோதும் கருவியாற் சிக்கெடுத்தனர். பராமரிக்க நேரமும் பொருளும் மறுக்கப்பட்ட தலையைப் பார்த்து, இது இயல்பிலேயே அடங்காத மயிர் என்று எசமானர் சொன்னார். நாம் வரிசையில் நின்று சொன்னதும் இதுவே அல்லவா?

நன்றாகச் சிங்காரித்துக் கொண்டாலும் குற்றமாயிற்று. 1786இல் லூயிசியானாவின் ஸ்பானிய தேசாதிபதி எஸ்தெபான் மிரோ, சுதந்திரம் பெற்ற கறுப்புப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மூடவேண்டுமென ஆணையிட்டார். அவர்தம் கொண்டையலங்காரம் வெள்ளைச் சீமாட்டியரின் மதிப்பைக் குறைத்ததாம். அப்பெண்கள் அந்தத் துணியையே வண்ணமும் மடிப்புமாகக் கட்டி அணியாக்கிவிட்டனர் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் ஒழிந்தபின் தலைமயிரின் கதை சந்தைக்கு வந்தது. முன்னாள் அடிமைகளின் மகளாக 1867இற் பிறந்து சலவைத் தொழிலாளியாயிருந்த சேரா பிறீட்லவ், தலைத்தோல் நோயால் மயிரை இழந்தவர். அனி ரேண்போ மலோன் என்ற கறுப்புப் பெண்மணியின் பொருள்களை விற்கத் தொடங்கி, பின்னர் தாமே மருந்து செய்து, மடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்களை விற்பனையாளராக்கினார். இவரை மயிர் நேராக்கும் வியாபாரி என்று சுருக்கமாக ஒதுக்குவோர் உளர். அது நேர்மையன்று எனவே கருதுகின்றோம். அவர் முதன்மையாகச் சொன்னது தலையைக் கழுவுங்கள், தோலைப் பேணுங்கள் என்பது. குழாய்நீர் இல்லாத குடிசைகளில் மாதக்கணக்காகத் தலை கழுவாத பெண்களுக்கு அது பெரிய சொல். வெள்ளையர் வீட்டுத் துணி துவைப்பதன்றி வேறு தொழில் அறியாதிருந்தவர்களுக்கு அவர் வருவாயும் தந்தார். ஆயினும் சூடாக்கிய இரும்புச் சீப்பு அத்தொழிலோடு சேர்ந்தே பரவியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்து வந்தது இரசாயனம். கறுப்பரான கரற் மோர்கன் 1910களில் நேராக்கும் பூச்சு விற்றார். மல்கம் எக்ஸ், 1965இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில், இளமையிற் காரச் சோடாவும் முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்த பசையைத் தலையிற் பூசி எரிவைத் தாங்கி நின்றதை விவரிக்கிறார். வெள்ளையன் போலத் தோன்றுவதற்காகத் தன் தோலையே பொசுக்கிக்கொண்டதைப் பின்னர் எண்ணி நாணுகிறார். 1954இல் ஜோர்ஜ் ஜோன்சன் சிக்காகோவில் தொடங்கிய நிறுவனம் இத்தகைய களிம்பைப் பெட்டியிலடைத்து விற்று வளர்ந்தது; 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதற் கறுப்பர் நிறுவனமாயிற்று. இலாபம் பெரிதென்று கண்டபின் பெருமுதலாளிகள் பார்த்திருப்பரா? 1998இலும் 2000இலும் லோறியால் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இத்துறையின் இரு பெரிய அமெரிக்க நிறுவனங்களை விழுங்கியது. நம் மாணவியின் வீட்டுக்கு வந்த பெட்டியும் இத்தகைய நெடுந்தூரச் சந்தை ஒன்றின் கடைசிக் கண்ணியே.

தென்னாபிரிக்காவில் இதே மயிர் அரசாங்கக் கோப்பில் ஏறியது. 1950ஆம் ஆண்டின் குடிசனப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒருவர் எவ்வினத்தவர் என்று ஐயம் எழும்போது, அதிகாரி தலைமயிரிற் பென்சிலொன்றைச் செருகுவார். விழுந்தால் வெள்ளையர் பக்கம், தங்கினால் இல்லை. ஒரு பென்சிலின் மேல் ஒருவர் வாழும் தெருவும் மணக்கும் துணையும் படிக்கும் பள்ளியும் தொங்கின. வெள்ளையர் எனப் பதியப்பட்ட பெற்றோர்க்குப் பிறந்த சண்ட்ரா லேங் என்ற சிறுமி, தோலின் நிறத்தாலும் சுருண்ட மயிராலும் 1966இற் பாடசாலையிலிருந்து பொலிசாரால் வெளியேற்றப்பட்டாள், பத்து வயது. இனவொதுக்கல் 1994இல் முடிந்தபின்னும் பள்ளிச் சட்டங்களில் அதன் நிழல் நின்றது. 2016 ஆகத்தில் பிரிற்றோரியாவின் பெண்கள் உயர்பள்ளி ஒன்றில், இயற்கையான தம் கூந்தலைக் குற்றமாக்கிய விதிகளை எதிர்த்து மாணவியர் அணிதிரண்ட பின்பே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அச்செய்தியை ஆசிரியர் அறையிற் பத்திரிகையில் வாசித்து, அம்மாணவியரை மெச்சியவர்களுள் நாமும் ஒருவர். நம் வரிசைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அப்போது தோன்றவில்லை.

இனி, அந்த மயிரின் இயல்பைச் சற்றே பார்ப்போம். நேர்மயிரின் குறுக்கு வெட்டு ஏறக்குறைய வட்டம். இறுகச் சுருண்டதன் வெட்டு தட்டையான நீள்வட்டம். அது முளைக்கும் மயிர்க்குழியும் வளைந்தது. தலைத்தோலிற் சுரக்கும் நெய்ப்பு நேர்மயிரில் எளிதாக நுனிவரை வழிந்துவிடும். சுருளின் திருப்பங்களைக் கடந்து அதனாற் செல்ல முடிவதில்லை. ஆகவே அம்மயிர் அடியில் நெய்ப்போடும் நுனியில் உலர்ந்தும் இருக்கும். ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். முரடென்று நாம் நினைப்பது உண்மையில் மிக நொய்மையானது. நேராக்கும் களிம்பு செய்வதென்ன? மயிரின் புரதமாகிய கெரற்றினை வடிவிற் பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புக்கள். சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற வன்காரம் அவற்றை உடைத்து, மீண்டும் பழையபடி சேராதவாறு மாற்றிவிடுகிறது. அடைபட்ட வடிகாலைத் திறக்கப் பயன்படும் காரமும் இதுவே. 'காரச் சோடா அற்றது' எனப் பெட்டியில் அச்சிட்டிருப்பனவற்றிலும் கல்சியம் ஐதரொட்சைட்டு முதலிய வேறு காரங்கள் உள, தோலைச் சுடாதவையல்ல.

சுடுவதோடு முடியுமா என்பது வேறு கவலை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தார் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதோரில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64, அடிக்கடி பயன்படுத்தியோரில் 4.05. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி இரசாயனமே காரணம் என்று நிறுவவில்லை என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். கெரற்றின் சிகிச்சை என்று நம் நகரங்களிலும் விளம்பரப்படுத்தப்படும் முறைகள் சிலவற்றில், சூடேற்றும்போது போமல்டிகைட்டு ஆவியாகின்றது. புற்றுநோய் விளைப்பது என அது ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தப்பட்ட பொருள்.

மாணவியின் தாயாரோடு அமர்ந்து நாமும் சிலவற்றைக் கற்றோம். அவர் வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலை செய்பவர். மகளின் வெந்த தோலுக்கு வைத்தியசாலை மருந்து கொடுத்தது. மயிருக்கு என்ன செய்வதென்று எவரும் சொல்லவில்லை. மருந்து பட்ட மயிர் இனிச் சுருளாது. புதிதாய் முளைப்பது மாத்திரமே சுருளும். இரண்டும் சேருமிடம் கண்ணாடி போல் முறியும். நேராக இருக்கும் பகுதியில் மீண்டும் களிம்பு பூசுவோர் அதனை உதிர்க்கவே பூசுகின்றனர்; தொடர்ந்து பயன்படுத்துவோருங்கூட எட்டுப் பத்து வாரங்கள் சென்றபின் புதிதாய் வளர்ந்த அடிப்பகுதியிலேயே பூசுதல் முறை. முதல்நாள் தலையைச் சொறிதலும் கழுவுதலும் ஆகா, கீறிய தோலிற் காரம் இறங்கும். சுருளாக்கும் மருந்தாகிய தயோகிளைக்கோலேற்று வகையை இதன்மேற் பூசினால் கைப்பிடியாகக் கழன்று வரும். இவற்றை அச்சிட்ட தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தமிழில் இல்லை, அவ்வளவுதான்.

அவள் களிம்பை விட்டுவிட விரும்பினாள். எனவே பழைய வழிகளுக்குத் திரும்பினோம். நாள்தோறும் தலைமுழுகும் நம் நல்ல பழக்கம் இத்தலைக்குப் பொருந்தாது. வாரத்துக்கு ஒருமுறை போதும். சவர்க்காரம் ஆகாது. அது காரத்தன்மையுடையது, வன்னீர்க் கிணறுகளில் நுரைக்காமல் வெண்கசடாய் மயிரில் ஒட்டும். கடலிற் குளித்தால் உப்பு காயுமுன் நன்னீரால் அலசவேண்டும். ஊறவைத்தரைத்த வெந்தயமோ, கசக்கிப் பிழிந்த செவ்வரத்தை இலையின் சாறோ தரும் வழுவழுப்பில் ஈரத்தோடு சிக்கெடுத்தல் நன்று. அதற்கும் அகலப் பல்லுச் சீப்பு வேண்டும். நுனியிற் தொடங்கிச் சிறிது சிறிதாக அடிநோக்கி வரவேண்டும். நாம் அனைவரும் உச்சியிலிருந்து இழுத்தே பழகியவர்கள். பிள்ளை கத்தும்போது தலையிலும் ஒரு குட்டு வைப்போம். ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய். இதன் சிறப்பு வெறும் பாட்டி கதையன்று. 2003இல் வெளியான மும்பை ஆய்வொன்று, கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் மேலே தங்க, தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைப்பதைக் கண்டது. ஆய்ந்தோர் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தார் என்பதை மறந்துவிடலாகாது. எனினும் அதன் கொழுப்பமிலம் சிறியதும் நேரானதும் ஆதலின் உட்புகும் என்ற விளக்கம் ஏற்கத்தக்கது. இரவில் தலையைப் பழைய பட்டுச் சேலைத் துண்டாற் சுற்றினால், பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சாது.

பின்னலைப் பற்றி அறிந்ததே நம்மை மிக உறுத்தியது. தளர்ந்த பின்னல் இம்மயிருக்கு நல்ல காப்பு. இறுக இழுத்துப் பின்னுவதோ நாள்பட நெற்றியோர மயிர்க்குழிகளை அழித்து வழுக்கையாக்கும். வைத்தியர் இதனை இழுவை வழுக்கை என்கின்றனர். நாம் ஒழுக்கம் என்று கட்டளையிட்ட இரட்டைப் பின்னல், அவள் தலைக்கு நோய்க் காரணம்.

இவற்றுக்கெல்லாம் செலவு சிறிது. வேண்டியது நேரம்: ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு, மூன்று மணித்தியாலம். தாயாரோ, "ஞாயிறிலும் வேலை வந்தால் போகத்தானே வேணும், ரீச்சர்" என்றார். தோட்டத்து அடிமைப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை நம் நினைவுக்கு வந்தது. களிம்புப் பெட்டி விற்பது அழகை மட்டுமன்று. உழைப்பவளிடமிருந்து பறிக்கப்பட்ட நேரத்தையும் அது அவளுக்கே திருப்பி விலைக்கு விற்கின்றது.

தென்னிந்தியக் கோயில்களையும் இச்சந்தை விட்டுவைக்கவில்லை. திருப்பதியிலும் பழனியிலும் நேர்த்திக்கடனாக மழிக்கப்படும் கூந்தல் ஏலம் போகின்றது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கா, கம்யூனிஸ்ட் நாடு என்பதனாற் சீனத்து மயிரை இறக்குமதி செய்யத் தடைவிதித்தபோது இந்திய மயிருக்கு மதிப்புக் கூடியது. மயிருக்கும் கட்சி உண்டு என்பதை அன்றே உலகம் அறிந்தது! ஏழை உழவர் வீட்டுப் பெண் இறைவனுக்கு இலவசமாகத் தந்த நேர்கூந்தல், அமிலத்திற் கழுவிச் சாயமேற்றப்பட்டு, தன் கூந்தல் இழிவென்று நம்பவைக்கப்பட்ட கறுப்புப் பெண்ணுக்குப் பெருவிலைக்கு விற்கப்படுகின்றது. இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

சுருண்ட மயிரை இகழ்தல் தமிழ் மரபு என்று சாதிப்போருக்கு ஒரு வார்த்தை. சங்கப் புலவர் கூந்தலுக்கு எடுத்த உவமைகளில் ஒன்று 'அறல்'. நீர் வடிந்தபின் நெளிநெளியாகக் கிடக்கும் கருமணல். சுரியல், சுரிகுழல், நெறி எனச் சுருளுக்கும் நெளிவுக்கும் தமிழிற் தனிச்சொற்கள் உள. அவை வசைச் சொற்களல்ல. இலக்கியம் படிப்பித்து வரும் நாம், வகுப்பில் 'அறல்' என்பதற்குப் பொருள் எழுதிப்போட்டுவிட்டு, வரிசையில் அறலைத் தண்டித்தோம். அந்த உவமையை உணர நூல் வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்தபின் புல்மோட்டைக் கரைக்குச் சென்றால் இல்மனைற்றுக் கருமணல் அலைவரிகளாகப் படிந்து கிடப்பதைக் காணலாம். 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஏற்பட்ட நாள்தொட்டு அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. அதிலிருந்து பிறநாடுகள் எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி, வர்ணப்பூச்சுக்கும் முகப்பூச்சுக்கும் வெண்மை தருகின்றது. கருமணலைக் கொடுத்து வெள்ளைப் பூச்சை வாங்குகின்றோம். இது கட்டுரைக்குப் புறம்பு. ஆயினும் சொல்லாதிருக்க மனம் வரவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில், 'படிய வாரி' என்ற சொற்களை நீக்கி, 'சுத்தமாகப் பேணி' என்று விதியைத் திருத்தலாம் என முன்மொழிந்தோம். இன்று தலைமயிர், நாளை சீருடையா என்று ஒருவர் கேட்டார். மூத்த ஆசிரியை ஒருவர், தம் மயிரும் சுருட்டை என்றும், நாற்பது ஆண்டுகளாக ஈரத்தோடு கொண்டை முடிந்து மறைத்து வருவதாகவும் மெதுவாகச் சொன்னார். அதுவரை எவருக்கும் அது தெரியாது. முடிவு அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த தவணையில் நிகழ்ச்சிநிரலில் அது இல்லை.

மாணவி எட்டு மாதங்கள் பொறுத்தாள். புதுமயிர் நான்கு விரற்கடை அளவு வளர்ந்ததும், நேராக நின்ற மிகுதியைத் தாயார் கத்தரித்துவிட்டார். மறுநாட் காலை வரிசையில், பின்னுவதற்கு நீளமற்ற, எண்ணெய் மினுங்கும் சிறு சுருள்களோடு அவள் நின்றாள். காதின் பின்னே தழும்பு வெளிறித் தெரிந்தது. விதிப்படி அவளை வெளியே நிறுத்தியிருத்தல் வேண்டும். நகத்தைப் பார்த்தோம், சப்பாத்தைப் பார்த்தோம், அடுத்த பிள்ளையிடம் சென்றோம்.